இரண்டு கறைக்கும் ஒரே பெயர் எழுதாதீர்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர்களுக்கும், இரு மாவட்டப் பொதுச் சுகாதாரத் துறை அலுவலர்களுக்கும், பள்ளிக்கூடங்களுக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களுக்கு வணக்கம்.

நான் பாலக்கோடு வட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். பிறந்து வளர்ந்தது பென்னாகரம் பக்கத்துக் கிராமம். சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு ஒன்பதாம் வகுப்பில் வந்தது, இன்னும் போகவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் போட்டோ எடுத்தபோது ஸ்டுடியோக்காரர் “கொஞ்சம் சிரிச்ச மாதிரி இரும்மா” என்றார். அம்மா பின்னாலிருந்து “வாயத் தொறக்காம சிரி” என்றாள். அந்தப் போட்டோ இன்னும் அலமாரியில் இருக்கிறது. பல்வலி வந்தவள் மாதிரி இருப்பேன்.

நிலத்தடித் தண்ணீரில் ஃபுளோரைடு என்ற தாதுப்பொருள் அதிகமானால் பல்லில் பழுப்புக் கறை ஏறும். எங்கள் பக்கம் இதைக் காவிப் பல் என்போம். தெருவில் பலருக்கும் அதே நிறம் என்பதால் ஊருக்குள் இருந்தவரை அது ஒரு குறையாகவே தெரியவில்லை. சேலத்துக்குப் படிக்கப் போனபோதுதான் ஹாஸ்டலில் ஒருத்தி “நீ பான் போடுவியா?” என்று கேட்டாள். சரி, என் பல் முடிந்துபோன கணக்கு. அதற்காக இதை எழுதவில்லை. என் மகளின் பல்லும், என் வகுப்புப் பிள்ளைகளின் பல்லும்தான் எழுத வைக்கின்றன.

மகள் 2014இல் பிறந்தாள். இந்தக் கதி அவளுக்கு வரக் கூடாது என்று முதல் நாளிலிருந்தே வைராக்கியமாக இருந்தோம். குடிக்க, பால் கலக்க, சோறு பொங்க எல்லாவற்றுக்கும் கேன் தண்ணீர்தான். மாமியார், “கொதிக்க வெச்சாப் போதாதா, தண்ணிக்கு எதுக்குக் காசு?” என்பார். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு சாகாது. தண்ணீர் ஆவியாகப் போகப் போக மிச்சத்தில் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஒரு நாள் உப்புத் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சி அவர் நாக்கில் வைத்துக் காட்டினேன். அப்புறம் ஒத்துக்கொண்டார்.

ஆறு வயதில் அவளுக்கு முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைத்தது. வலது கீழ்ப் பல் ஈறைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்போதே மஞ்சளும் பழுப்புமாக இருந்தது. ஒரு வருடத்துக்குள் அதன் மூலை உதிர்ந்தது. நனைந்த சாக்பீஸை நகத்தால் கீறினால் எப்படி வரும், அப்படி வந்தது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் துடிப்பாள். மார்கழிக் காலையில் குழாய்த் தண்ணீரில் வாய் கொப்புளிக்க மாட்டேன் என்று அடம் பிடிப்பாள். அந்தப் பக்கம் பிரஷ் படவே விடமாட்டாள். மெல்லுவதெல்லாம் இடது பக்கம். மேல் முன்பல் ஒன்றில் மட்டும் வெண்ணெய் நிறத்தில் ஒரு திட்டு இருந்தது, பேனாவால் ஓரம் கட்டினாற்போல. அதற்குப் பக்கத்துப் பல் பளிச்சென்று இருந்தது.

ஒரு பல் முகாமில் அவளைக் காட்டினேன். டார்ச் அடித்துப் பத்து விநாடி பார்த்தவர், நிமிர்ந்து என் வாயையும் ஒருமுறை பார்த்தார். அட்டையில் ‘ஃபுளோரோசிஸ்’ என்று எழுதினார், அதாவது ஃபுளோரைடால் வரும் கறை. “நல்ல தண்ணியா குடுங்கம்மா” என்றார். அம்மாவுக்குக் காவி, பெண்ணுக்கும் காவி, விடை வந்துவிட்டது. அடுத்து காட்டிய இரண்டு இடங்களிலும் இதே விடை. நான் வாங்கிக் கொடுத்த கேன்களை நினைத்துக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன். தப்பு என் பக்கம்தானோ, பிறந்த வீட்டுக்குப் போனபோது அம்மா கொடுத்த தண்ணீரோ என்று இரண்டு வருடம் மனதுக்குள் குடைந்தது.

எட்டு வயதில் சேலத்தில் ஒரு குழந்தைப் பல் மருத்துவரிடம் போனோம். அவர் என் வாயைப் பார்க்கவில்லை. அவள் வாயை மட்டும் பார்த்தார். முதலில் கடைவாய்ப் பற்கள் நான்கையும், பிறகு முன்பற்களையும், வலதையும் இடதையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, “இது தண்ணியால வந்தது இல்லைங்க” என்றார். இதற்கு வேறு பெயர் இருக்கிறது: மோலார் இன்சைசர் ஹைப்போமினரலைசேஷன், சுருக்கமாக எம்.ஐ.எச். கடைவாய்ப் பல்லிலும் முன்பல்லிலும் தாது முழுமையாக ஏறாமல் முளைப்பது. இந்தப் பெயர் மருத்துவ உலகில் 2001இல்தான் வந்தது. எப்படிக் கண்டுபிடிப்பது என்ற வரையறை 2003இல் வந்தது. பெயர்தான் புதிது, பல் பழையது. அதற்கு முன்னால் இப்படி உதிர்ந்த பல்லை எல்லாம் சொத்தை என்று பிடுங்கிப் போட்டிருப்பார்கள்.

அன்றைக்கு அவர் சொன்னதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் வைத்துத்தான் மேற்கொண்டு எழுதுகிறேன். உங்களில் பல் மருத்துவம் படித்தவர்கள் இந்தப் பத்திகளைத் தாண்டிப் போகலாம்.

பல்லின் மேல்பூச்சான எனாமல், எடையில் 96 விழுக்காடு தாது. நம் உடம்பிலேயே கடினமான பொருள் அதுதான். காங்கிரீட்டுக்குச் சென்டரிங் அடிப்பது போல முதலில் ஒரு புரதச் சட்டம் கட்டி, அப்புறம் அதை உருவி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தாதுவை நிரப்புகிறது உடம்பு. ஃபுளோரைடு அதிகமானால் சட்டத்தை உருவும் வேலை தாமதமாகிறது. மேலே மூடியிருக்கும், உள்ளே நுண்ணிய துளைகள் இருக்கும். முளைத்ததும் வெள்ளைத் திட்டாகத் தெரிவது, டீயும் குழம்பும் ஏறி நாளடைவில் பழுப்பாகிறது. இந்த வேலையைச் செய்யும் செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன. அதனால் எலும்பு முறிந்தால் கூடும், எனாமல் கூடாது. பத்து வயதில் எவ்வளவு நல்ல தண்ணீர் கொடுத்தாலும் ஏற்கெனவே வந்த கறை போகாது.

கணக்கு டீச்சருக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். ஒவ்வொரு பல்லுக்கும் தேதி இருக்கிறது. முதல் கடைவாய்ப் பல்லின் எனாமல் வேலை பிறப்பை ஒட்டித் தொடங்கி மூன்று வயதுவாக்கில் முடிகிறது. மேல் நடு முன்பற்களுக்கு மூன்று நான்கு மாதக் குழந்தையில் தொடங்கி நான்கைந்து வயது வரை. இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கு ஏழெட்டு வயது வரை நீள்கிறது. அதாவது ஆறு வயதில் ஈறுக்கு வெளியே எட்டிப் பார்க்கும் பல், அந்தப் பிள்ளை கைக்குழந்தையாக இருந்த காலத்துச் செய்தியைக் கொண்டுவருகிறது. நம் மாவட்டம் நடுகற்களுக்குப் பேர்போனது. யார், எந்தக் காலத்தில், எந்தச் சண்டையில் என்று கல்லில் இருக்கும். பல்லும் அப்படித்தான், வாசிக்கத் தெரிய வேண்டும்.

ஃபுளோரோசிஸ் பொதுவாக இரண்டு பக்கமும் சமமாக வரும். இடது முன்பல்லில் இருந்தால் வலது முன்பல்லிலும் இருக்கும். வெண்மை மேகம் போலப் பரவியிருக்கும், குறுக்கே மெல்லிய கோடுகள் ஓடும், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஓரம் சொல்ல முடியாது. முற்றினால் பழுப்பேறும், குழி விழும். எம்.ஐ.எச். அப்படி இல்லை. ஓரம் தெளிவாகத் தெரியும் திட்டு. வெள்ளை, வெண்ணெய் நிறம், மஞ்சள், பழுப்பு என்று எதுவாகவும் இருக்கும். நான்கு முதல் கடைவாய்ப் பற்களில் ஒன்றிலும் வரலாம், நான்கிலும் வரலாம். வலதில் இருப்பது இடதில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கூச்சம் கடுமையாக இருக்கும்; மெல்லும் அழுத்தத்தில் உதிரும்; மரத்துப் போக ஊசி போட்டாலும் சரியாக மரக்காது. இவை இரண்டும் போக, எனாமலே போதிய அளவு உருவாகாமல் பள்ளமும் வரியுமாக முளைக்கும் மூன்றாவது வகை ஒன்று உண்டு. குழந்தைப் பருவத்து ஊட்டக்குறைவு, கடும் நோய், பால்பல்லில் பிடித்த சீழ் இவற்றால் அது வரும்.

எம்.ஐ.எச். ஏன் வருகிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் இல்லை. பிரசவ நேரச் சிக்கல், முதல் மூன்று வருடத்துக் காய்ச்சல், நிமோனியா, மருந்துகள், பரம்பரை என்று பலதும் சேர்ந்து பேசப்படுகின்றன. என் மகளுக்குப் பத்து மாதத்தில் நெஞ்சுச் சளி கட்டி ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். “அதுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா தண்ணியால வரலை, தண்ணிய மாத்துனதாலயும் போகாது” என்றார் அந்த மருத்துவர். அன்றைக்கு இரவு நன்றாகத் தூங்கினேன். மறுநாள்தான் கோபம் வந்தது. முதல் முகாமிலேயே சரியாகப் பார்த்திருந்தால், மூலை உதிர்வதற்கு முன்பே அந்தப் பல்லுக்குப் பூச்சு போட்டிருக்கலாம்.

இது ஏதோ ஆயிரத்தில் ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம். உலகம் முழுவதும் வந்த ஆய்வுகளை 2018இல் தொகுத்துப் பார்த்தவர்கள், பிள்ளைகளில் 13, 14 விழுக்காட்டினருக்கு எம்.ஐ.எச். இருக்கிறது என்றார்கள். சென்னையில் 8 முதல் 12 வயதுப் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்து 2016இல் வெளியான ஆய்வு 9.7 விழுக்காடு என்றது. இந்த விகிதம் இங்கும் பொருந்தினால் 35 பேர் உள்ள வகுப்பில் மூன்று முதல் ஐந்து பேர். அவர்கள் ஒகேனக்கல் காவிரித் தண்ணீர் குடித்தாலும் வரும், போர் என்று நாங்கள் சொல்லும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்தாலும் வரும். நம் மாவட்டங்களில் மட்டும் அவர்களைக் காணவே முடியாது. ஏனென்றால் எல்லோரும் ஃபுளோரோசிஸ் என்ற ஒரே கட்டத்துக்குள் கிடக்கிறார்கள்.

ஃபுளோரைடு இங்கே பொய்ப் பிரச்சினை என்று சொல்ல வரவில்லை. சொன்னால் என் பல்லே என்னைப் பார்த்துச் சிரிக்கும். நம் நிலத்தடி முழுக்கக் கருங்கல்லும் நைஸ் என்ற உருமாறிய பாறையும். அவற்றிலுள்ள தாதுக்களிலிருந்து ஃபுளோரைடு நீரில் கரைகிறது. கிணறு வற்றி, போர் ஆழம் போகப் போகப் பாறையோடு தண்ணீர் இருக்கும் காலமும் கூடுகிறது. இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்கிறது, வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை போகலாம் என்கிறது. பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம், நல்லம்பள்ளி என்று வரிசையாகப் பல ஊர்ப் போர்கள் அதைத் தாண்டியவை. கிருஷ்ணகிரிப் பக்கமும் அப்படி ஊர்கள் உண்டு. நம் நாட்டில் இந்த நோய் முதலில் பதிவானது 1937இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில். கண்டெழுதியவர்களில் சென்னை கிண்டியிலுள்ள கிங் மருத்துவ ஆய்வு நிலையத்துக்காரர்களும் உண்டு. ஆக இது நமக்குப் புதிய செய்தி இல்லை.

அதற்காகத்தான் ஒகேனக்கல் திட்டம் வந்தது. ஜப்பான் கடனுதவி, ஏறத்தாழ 1,928 கோடி ரூபாய் மதிப்பீடு, 2008இல் அடிக்கல், 2013 மே மாதம் தொடக்கம். குடிநீர்த் திட்டங்களுக்கு ஊர்ப் பெயரோ ஆற்றுப் பெயரோ வைப்பார்கள். இதன் பெயரில் மட்டும் ஒரு நோயின் பெயரும் சேர்ந்து இருக்கிறது: ஒகேனக்கல் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம். நோயைத் தணிக்க வந்த திட்டம் தணித்ததா என்று எதை வைத்துப் பார்ப்பீர்கள்? தினமும் எத்தனை லிட்டர் போனது, எத்தனை குக்கிராமத்துக்குக் குழாய் போனது என்ற கணக்கு அவசியம்தான். ஆனால் தொட்டிக்குப் போன தண்ணீரெல்லாம் வாய்க்குப் போனது என்று அர்த்தமில்லை.

எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒகேனக்கல் தண்ணீர் போதாத நாளில் ஆபரேட்டர் அதே தொட்டியில் போர் தண்ணீரையும் ஏற்றுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். காலையில் குழாயில் தண்ணீர் வராவிட்டால் ஊரே அவர் வீட்டு வாசலில் நிற்கும். ஆனால் கணக்கு என்ன ஆகிறது? போரில் 3 மில்லிகிராம், காவிரித் தண்ணீரில் 0.4 என்று வைத்துக்கொள்வோம். பாதிக்குப் பாதி கலந்தால் 1.7. காவிரி வந்தும் வரம்புக்கு மேலேதான் இருக்கிறோம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சராசரி நடத்தும்போது இந்தக் கணக்கைத்தான் போடுவேன். “அப்போ டீச்சர், கொடத்துல புடிச்சு வெச்சாலும் வேஸ்டா?” என்று ஒருவன் கேட்டான். எந்த நாள் பிடித்தாய் என்பதைப் பொறுத்தது என்றேன். அவனுக்கு அது பதிலாகப் படவில்லை. எனக்கும்தான்.

திட்டம் தொடங்கிய பிறகு பிறந்த முதல் பிள்ளைகள் 12 வயதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களுடைய முன்பற்களும் கடைவாய்ப் பற்களும் முளைத்துத் தெளிவாக இருக்கின்றன. அந்தப் பற்களின் எனாமல் உருவானது முழுக்க முழுக்க ஒகேனக்கல் காலத்தில். இதைவிட நேர்மையான தணிக்கை அறிக்கை வேறு எங்கே கிடைக்கும்? குழாய்க்குப் பூட்டிய மீட்டர் பழுதாகும், இந்த மீட்டர் பழுதாகாது.

இப்படிப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு 1901இல் தொழில் நடத்தப் போன ஃபிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர், அங்கே எங்கு பார்த்தாலும் காவிப் பல்லாக இருப்பதைக் கண்டு முப்பது வருடம் அதன் பின்னாலேயே அலைந்தார். 1923இல் ஐடஹோ மாநிலத்தில் ஓக்லி என்ற சின்ன ஊருக்குப் போனார். வெந்நீர் ஊற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்த பிறகுதான் பிள்ளைகள் பல்லில் கறை வந்தது என்று அந்த ஊர்ப் பெற்றோர் அவரிடம் சொன்னார்கள். அவர் பேச்சைக் கேட்டுக் குழாயை விட்டுவிட்டு வேறு ஊற்றுக்கு மாறினார்கள். சில வருடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கறையில்லாத நிரந்தரப் பல் முளைத்தது. தண்ணீரில் இருக்கும் வில்லன் ஃபுளோரைடுதான் என்று ஆய்வகத்தில் தெரிந்ததே 1931இல்தான். அதற்கு முன்பே அந்த ஊர்த் தாய்மார்களுக்குப் பல் சொல்லிவிட்டது.

ஆனால் ஓக்லிக்காரர்களுக்கு இருந்த வசதி நமக்கு இல்லை. இங்கே இரண்டு கறையும் ஒரே கணக்கில் கலந்து கிடக்கின்றன. எம்.ஐ.எச். பல்லையும் ஃபுளோரோசிஸ் கணக்கில் சேர்த்தால், காவிரித் தண்ணீர் நன்றாகப் போய்ச் சேர்ந்த ஊரிலும் “இன்னும் கறை இருக்கே” என்று திட்டத்தின் மேல் பழி விழும். நிஜமான ஃபுளோரோசிஸை “பல் துலக்குறதில்ல, அழுக்கு” என்று ஒதுக்கினால் கெட்ட போர் ஒளிந்துகொள்ளும். இரண்டும் நடக்கிறது. இரண்டிலும் நஷ்டம் அந்தப் பிள்ளைக்குத்தான். ஃபுளோரோசிஸ் பிள்ளையின் வீட்டுக்குத் தேவை தண்ணீர் மாற்றம், முக்கியமாகப் பிறக்கப் போகும் தம்பி தங்கைக்கு. எம்.ஐ.எச். பிள்ளைக்குத் தேவை ஆறேழு வயதிலேயே பூச்சு, சிமென்ட், அது போதாவிட்டால் ஸ்டீல் கேப். விட்டுவிட்டால் பத்து வயதுக்குள் அந்தப் பல்லைப் பிடுங்க வேண்டி வரலாம்.

ஒரு சின்ன வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு அந்த மருத்துவர் முதலில் செய்தது ஃபுளோரைடு வார்னிஷ் பூசியது. பல்லின் மேல் சொட்டுக் கணக்கில் தடவினால் தாது இறுகும், கூச்சம் குறையும். வீட்டில் வந்து சொன்னதும் மாமியார், “தண்ணியில வேணாம்னு காசு குடுத்து கேன் வாங்கினீங்க, இப்ப காசு குடுத்து அதையே பூசிக்கிட்டு வர்றீங்களா?” என்றார். சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. ஆனால் அது சிரிப்போடு போகிற விஷயம் இல்லை. ஃபுளோரைடு என்ற சொல்லே நம் ஊர்களில் பூச்சாண்டி ஆகிவிட்டது. வயிற்றுக்குள் தினமும் போவது வேறு, முளைத்த பல்லின் மேல் மருத்துவர் தடவுவது வேறு. பேஸ்ட்டும் அப்படித்தான்: மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு, விழுங்காமல் துப்ப வேண்டும். பிரஷ் நீளத்துக்குப் பிதுக்கிக் கொடுப்பது விளம்பரத்துக்குத்தான் அழகு.

நான் கேட்பது பெரிய செலவில்லாத ஒன்றுதான். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு, அதாவது மத்திய அரசின் சிறார் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே. குழு, 2013இலிருந்து இயங்குகிறது, ஒகேனக்கல் திட்டம் தொடங்கிய அதே வருடம். ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கு, இருமுறை அங்கன்வாடிக்கு என்பது அதன் கணக்கு. அவர்கள் பார்க்கும் பட்டியலில் பல்லும் இருக்கிறது. உயரம், எடை, கண் எல்லாம் பார்க்கிறார்கள். வாய்க்கு வரும்போது சொத்தை உண்டா இல்லையா என்பதோடு முடிகிறது. எட்டு வயதுப் பிள்ளைகளையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளையும் மட்டும் அரை நிமிடம் கூடுதலாகப் பார்க்கச் சொல்லுங்கள். எம்.ஐ.எச். பார்க்க எட்டு வயதைத்தான் வல்லுநர்கள் பரிந்துரைக்கிறார்கள். நான்கு கடைவாய்ப் பற்களும் முன்பற்களும் வந்திருக்கும், கடைவாய்ப் பல் முழுக்க உதிர்ந்திருக்காது. பன்னிரண்டு உலக சுகாதார நிறுவனமே பல் கணக்கெடுப்புக்கு எடுத்துக்கொள்ளும் வயது. ஃபுளோரோசிஸுக்கு டீன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் வகுத்த படிகள் 1942இலிருந்து இருக்கின்றன. பல் பரப்பில் கால்வாசிக்குள் என்றால் ஒரு படி, பாதிக்குள் என்றால் அடுத்த படி, முழுக்க என்றால் அதற்கடுத்தது, குழி விழுந்தால் கடைசி. ஒவ்வொரு படிக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. ஊர் மொத்தத்துக்கும் அந்த மதிப்பெண்ணின் சராசரி எடுத்து 0.6ஐத் தாண்டினால் அது பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று அவரே கோடும் போட்டிருக்கிறார். ஆறாம் வகுப்புக் கணக்குதான்.

படிவத்தில் ஃபுளோரோசிஸுக்கு ஒரு கட்டம், எம்.ஐ.எச்.சுக்கு ஒரு கட்டம், இரண்டும் சேர்ந்திருந்தால் இரண்டிலும் டிக். குழுவினருக்கு மாவட்டத்திலுள்ள அரசுப் பல் மருத்துவர்கள் படங்கள் வைத்து ஒரு நாள் பயிற்சி கொடுத்தால் போதும். எல்லோரும் ஒரே மாதிரி பார்க்க வேண்டும் என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள். ஒருவர் பல்லை நன்றாகத் துடைத்துக் காயவிட்டுப் பார்த்தால் வெள்ளைத் திட்டு கூடுதலாகத் தெரியும். இன்னொருவர் ஈரத்தோடு பார்த்தால் குறைவாகத் தெரியும். அப்புறம் தருமபுரி எண்ணையும் கிருஷ்ணகிரி எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. எம்.ஐ.எச்.சுக்கு ஈரத்தோடுதான் பார்க்க வேண்டும், ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த திட்டை விட்டுவிட வேண்டும் என்பது விதி.

இன்னொன்று, பெற்றோரிடம் கேட்கும் கேள்வி. “எந்த ஊர்?” என்று கேட்டுப் பிரயோசனமில்லை. நம் மாவட்டத்துப் பாதிக் குடும்பம் பெங்களூரில் கட்டட வேலைக்கும், திருப்பூரில் பனியன் வேலைக்கும் போய் வருவது உங்களுக்குத் தெரியாததில்லை. என் வகுப்பில் அண்ணன் தம்பி இருவர். அண்ணன் பிறந்தபோது பெற்றோர் ஊரில் இருந்தார்கள். தம்பி பிறந்ததும் பெங்களூரு போய் அவனுக்கு ஐந்து வயதில் திரும்பி வந்தார்கள். ஒரே வீடு, ஒரே குழாய், ஒரே சட்டி. அண்ணனுக்கு வரிவரியாக இருபக்கமும் கறை. தம்பிக்குப் பல் சுத்தம். தம்பியைப் பார்த்து எங்கள் ஊர்த் தண்ணீர் திருந்திவிட்டது என்று எழுதினால் அது பொய். பிரசவத்துக்குத் தாய்வீடு போய் ஐந்தாறு மாதம் கழித்து வருகிற வழக்கமும் இருக்கிறது. அதனால் கேட்க வேண்டியது இதுதான்: மூன்று வயது வரை பிள்ளை எங்கே வளர்ந்தது, என்ன தண்ணீர் குடித்தது, புட்டிப்பால் கலக்கியது எந்தத் தண்ணீரில். தாய்ப்பாலில் ஃபுளோரைடு மிகக் குறைவு, அம்மா காவிப் பல்காரியாக இருந்தாலும் சரி. கேழ்வரகுக் கூழும் பால் பவுடரும் கலக்கும் தண்ணீரில்தான் வினை.

அப்படியே சத்துணவுக்கும் காலை உணவுக்கும் எந்தத் தண்ணீரில் பொங்குகிறார்கள் என்பதையும் ஒரு கட்டம் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். அரிசியும் பருப்பும் உலைநீரைக் குடித்துத்தான் வேகின்றன. பள்ளிக்கு வரும் வயதில் முன்பல் தப்பித்திருக்கும், இரண்டாம் கடைவாய்ப் பல் தப்பித்திருக்காது. அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு முன்பல்லும் தப்பித்திருக்காது.

என் வகுப்பில் நானே டார்ச் வைத்து எண்ணிப் பார்த்தேன். அந்த எண்ணை இங்கே எழுத மாட்டேன். நான் பல் மருத்துவர் இல்லை. அண்ணனையும் தம்பியையும் பிரித்துச் சொல்லத் தெரியும், ஆனால் இரண்டு கறையும் ஒரே பல்லில் ஏறிக் கிடக்கும் பிள்ளையைப் பார்த்தால் எனக்கும் குழப்பம்தான். அப்படியும் சில பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் பயிற்சி பெற்ற கண் வேண்டும் என்கிறேன். 2008-09இல் மத்திய அரசு தொடங்கிய ஃபுளோரோசிஸ் தடுப்புத் திட்டத்தில் தருமபுரியும் இருக்கிறது. அதற்காக எடுத்த பழைய கணக்குகள் அலுவலகங்களில் இருக்கும். அவற்றைத் தூசி தட்டி, புதிய எண்களோடு ஊர்வாரியாகப் பக்கத்தில் வையுங்கள். வைத்ததை ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். போர் தண்ணீர் பரிசோதனை முடிவை ஒட்டுவது போல.

எங்கள் பள்ளிக்குக் குழு வரும் நாளை முன்கூட்டிச் சொன்னால் உதவியாக இருக்கும். மூன்றாம் வகுப்பு அறையின் கிழக்கு ஜன்னல் பக்கம் காலை பத்து மணிக்கு வெளிச்சம் நன்றாக விழும், அங்கே பெஞ்சு போட்டு வைக்கிறேன். பிறந்த தேதிப் பட்டியலும், மூன்று வயது வரை எந்த ஊர், எந்தத் தண்ணீர் என்று பெற்றோரைக் கேட்டு எழுதிய நோட்டும் தயாராக இருக்கிறது. வாய் கொப்புளிக்க மட்டும் வெதுவெதுப்பான தண்ணீர் வைக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீர் என்றால் சில பிள்ளைகள் வாயைத் திறக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு டீச்சர்,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்